"இன்னிக்கு முடிஞ்சிடும் சார்!"

கட்டடம் ஏன் லேட்டாகுது? சிமென்ட்டிலும் கம்பியிலும் தேடினா பதில் கிடைக்காது பாஸ்!

முதல்ல ஒரு வாக்குமூலம் கொடுத்துடறேன்.

சிவில் ஃபைனல் இயரில் நாங்க நாலு பேர் ஒரு டீம். புராஜெக்ட் தலைப்பு, 'கட்டுமானப் பணிகளில் தாமதத்துக்கான காரணங்கள் - ஓர் ஆய்வு'. கேட்கவே கம்பீரமா இருக்குல்ல? நாற்பது கேள்விகளோட ஒரு படிவம் தயார் பண்ணினோம். 'கீழ்க்கண்ட காரணங்களுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் தருக.' ஐம்பது இன்ஜினீயர்களிடம் வாங்கிட்டு வரச் சொல்லியிருந்தார் கைடு. ஒன்பது பேரிடம் வாங்கினோம். மீதி 41? வைவாவுக்கு முந்தின வாரம் காலேஜ் வாசல் டீக்கடையில் உட்கார்ந்து நாங்களே நிரப்பினோம். வேற வேற பேனா, வேற வேற கையெழுத்து. ஒரு படிவத்தில் டீயைக்கூடச் சிந்தினோம். சைட்டிலிருந்து வந்த மாதிரி இருக்கணுமே!

எக்ஸ்டர்னல் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "முதல் காரணம் என்னப்பா?"

"பணம் லேட்டா வர்றது சார்."

"எந்த சைட்ல?"

அமைதி.

"சரி விடு. ஏதாவது ஒரு சைட், ஏதாவது ஒரு நாள். அன்னிக்கு ஒரு வேலை நின்னுச்சு. ஏன் நின்னுச்சுன்னு சொல்லு. போதும்."

நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். பெரிய மனசு பண்ணி பாஸ் போட்டுட்டார். ஆனா ரொம்ப நாள் கழிச்சுத்தான் ஒரு விஷயம் தெரிஞ்சுது. அவர் கேட்ட அந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய ஆராய்ச்சித் துறையே இருக்கு. கன்ஸ்ட்ரக்ஷன் மேனேஜ்மென்ட். 'கன்ஸ்ட்ரக்ஷன் மேனேஜ்மென்ட் அண்ட் எகனாமிக்ஸ்' என்கிற பெயரிலேயே 1983-லிருந்து ஒரு ஆராய்ச்சி இதழ் வந்துட்டிருக்கு. கான்கிரீட் எவ்வளவு பாரம் தாங்கும்னு இவங்க ஆராயறதில்லை. 'இன்னிக்கு முடிஞ்சிடும் சார்'னு மேஸ்திரி சொல்றாரே, அந்த வார்த்தை எவ்வளவு தாங்கும்னு ஆராயறாங்க!

73 காரணங்கள்... ஒரே ஒரு ஒற்றுமை!

படிவம் கொடுத்துக் கேட்கறது தப்புன்னு சொல்ல வரலை. ஒழுங்கா செஞ்சா அதிலும் விஷயம் இருக்கு. சவுதி அரேபியாவின் பெரிய கட்டுமானத் திட்டங்களைப் பத்தி அஸாஃப், அல்-ஹெஜ்ஜி என்ற இரண்டு பேர் 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. தாமதத்துக்கு 73 காரணங்களைப் பட்டியல் போட்டு, கட்டடத்தின் சொந்தக்காரர்கள், ஆலோசகர்கள், காண்ட்ராக்டர்கள்னு மூணு தரப்பிடமும் கேட்டாங்க. மூணு பேரும் சேர்ந்து தலையாட்டின காரணம் ஒண்ணே ஒண்ணுதான். பாதி வேலையில் சொந்தக்காரர் பிளானை மாத்தறது!

மத்ததெல்லாம்? 'பணம் வரலை'ம்பார் காண்ட்ராக்டர். 'அவருக்கு ஆளுங்களை மேய்க்கத் தெரியலை'ம்பார் ஓனர். நம்ம கிரிக்கெட் டீம் தோத்த மறுநாள் ஹாஸ்டல் மெஸ்ஸில் நடக்கிற அதே டிஸ்கஷன்தான். ஒவ்வொருத்தரும் சொல்றது அவங்கவங்க நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கூட்டி, வகுத்து, ரேங்க் போட்டா என்ன வரும்? யார் யாரைக் குத்தம் சொல்றாங்கன்னு துல்லியமா தெரியும். வேலை ஏன் நின்னுதுன்னு தெரியாது.

இதை நூறு வருஷத்துக்கும் முன்னாடியே புரிஞ்சுக்கிட்ட ஆள் ஒருத்தர் உண்டு. அமெரிக்காவில் 1885-ல் 17 வயசில் கொத்தனாருக்கு எடுபிடியா வேலைக்குச் சேர்ந்த ஃப்ராங்க் கில்பிரெத். பையனுக்கு ஒரு சந்தேகம். 'செங்கல் எப்படி வெக்கணும்'னு கேட்டா ஒவ்வொரு கொத்தனாரும் ஒவ்வொரு மாதிரி சொல்றார். போகட்டும். ஒரே கொத்தனார், சொல்லிக் கொடுக்கும்போது ஒரு மாதிரி வெக்கிறார், அவசரமில்லாத நேரத்தில் வேற மாதிரி, விறுவிறுன்னு வேலை ஓடும்போது மூணாவது மாதிரி! அவரைக் கேட்டா எல்லாம் ஒண்ணுதான்பார். பொய் சொல்லலை, அவருக்கே தெரியலை.

அதனால கில்பிரெத் கேட்கறதை விட்டுட்டுப் பார்க்க ஆரம்பிச்சார். ஒரு செங்கல் வைக்க 18 அசைவுகள். அதில் பெரும்பாலானது குனியறதும் நிமிர்றதும். கல்லும் கலவையும் காலடியில் கிடந்தா என்ன பண்றது? இடுப்பு உயரத்தில் கல்லை அடுக்கி வைக்கிற மாதிரி, சுவர் உயர உயரத் தானும் உயர்ற மாதிரி ஒரு சாரம் அமைச்சார். கல்லைப் பொறுக்கி, நல்ல பக்கம் தெரியற மாதிரி அடுக்கித் தர்றதுக்குத் தனியா ஆள் வெச்சார். 18 அசைவு அஞ்சாச்சு. ஒரு ஆள் மணிக்கு 120 கல் வெச்ச இடத்தில் 350 கல்! (இந்த மனுஷனுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். அப்பா வீட்டையும் இதே மாதிரி நடத்தின கூத்தை ரெண்டு பிள்ளைகள் சேர்ந்து எழுதினதுதான் 'சீப்பர் பை தி டசன்'. லைப்ரரியில் கிடைச்சா விடாதீங்க.)

ஆனா ஒரு இடத்தில் கில்பிரெத் பாணியும் முட்டிக்கிட்டு நிக்கும். கொத்தனார் கை எவ்வளவு வேகமா இருந்தும், செங்கல் லாரியே வரலைன்னா?

ஐம்பத்து நாலு!

1990-கள். க்ளென் பல்லார்ட், கிரெக் ஹொவெல்னு ரெண்டு அமெரிக்கர்கள் சைட்டுகளில் ஒரு விசித்திரமான கணக்கு எடுத்தாங்க. திங்கட்கிழமை, 'இந்த வாரம் இதெல்லாம் முடிச்சுடுவோம்'னு சைட்டில் எழுதி வைக்கிறாங்க இல்லையா? சனிக்கிழமை வந்து அதில் எத்தனை முடிஞ்சதுன்னு எண்ணினாங்க. அவ்வளவுதான். ராக்கெட் சயின்ஸ் எல்லாம் இல்லை.

கிடைச்ச சராசரி 54 சதவீதம்.

இது சோம்பேறிகள் நிறைஞ்ச சைட் இல்லை. அனுபவசாலி ஃபோர்மேன்கள், கம்ப்யூட்டரில் போட்ட ஷெட்யூல், எல்லாம் உண்டு. இருந்தும், 'முடிச்சுடுவோம்'னு சொன்ன நூறு வேலையில் 46 அந்த வாரம் முடியலை. காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் கிட்டத்தட்ட இதே மார்க் வந்திருக்கும்!

இந்தக் கணக்கில் ஒரு கறார் விதி உண்டு. 95 சதவீதம் முடிஞ்ச வேலைக்கு மார்க் பூஜ்யம். முடிஞ்சா 1, முடியலைன்னா 0. அநியாயமா தெரியுதா? அடுத்த ஆள் இடத்தில் நின்னு பாருங்க. 'கம்பி வேலை 95 சதவீதம் ஓவர் சார்'னா, கான்கிரீட் போடறவருக்கு அது 'போட முடியாது'ன்னுதான் அர்த்தம். லேப் ரிக்கார்டில் கடைசி எக்ஸ்பெரிமென்ட்டுக்கு மட்டும் கையெழுத்து வாங்காம ஹால் டிக்கெட் கேட்டுப் பாருங்க, புரியும்.

சரி, அந்த 46 ஏன் முடியலை? பல்லார்ட் நாலு வார்த்தையில் பிரிச்சார். நம்ம பாஷையில் சொல்லணும்னா... செய்யணும், செய்ய முடியும், செய்யறேன், செஞ்சாச்சு.

ஆபீஸில் இருக்கிற ஷெட்யூல் சொல்றது 'செய்யணும்'. திங்கட்கிழமை மேஸ்திரி தலையாட்டறது 'செய்யறேன்'. நடுவில் ஒண்ணு இருக்கே, 'செய்ய முடியும்'? அதை யாருமே கேட்கறதில்லை! ஷெட்யூலில் இருக்கு, அதனால செய்யணும். செய்யணும், அதனால செய்யறேன்னு சொல்லியாகணும். அப்புறம் சனிக்கிழமை 'முடியலை'.

ஒரு வாரத்தைக் கற்பனை பண்ணிப் பாருங்க. வியாழக்கிழமை முதல் மாடி ரூஃப் கான்கிரீட். சென்ட்ரிங் அடிச்சாச்சு. கம்பி கட்டியாச்சு. எலெக்ட்ரீஷியன் கம்பிக்கு நடுவில் பைப் ஓட்டணும். ஃபேன் பாக்ஸ் எங்கே வரணும்னு டிராயிங் வேணும். டிராயிங் ஆர்க்கிடெக்ட்கிட்ட இருக்கு. வீட்டுக்காரர் பெட்ரூமில் ஃபால்ஸ் சீலிங் வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணாததால ஆர்க்கிடெக்ட் அனுப்பலை. வீட்டுக்காரர் ஊரில் இல்லை. வியாழக்கிழமை காலை பதினஞ்சு பேர் வேலைக்கு வந்தாச்சு. ரெடிமிக்ஸ் லாரிக்குச் சொல்லியாச்சு. லாரி கிளம்பிட்டா நம்ம வீட்டு வாசலில் நாள் முழுக்க நிக்காது. கலவை இறுகிடும். இன்ஜினீயர் போனைக் காதில் வெச்சுக்கிட்டு மொட்டை வெயிலில் நடக்கறார்...

இப்ப சொல்லுங்க, இந்தத் தாமதத்துக்கு உங்க படிவத்தில் எந்தக் காரணத்துக்கு டிக் போடுவீங்க? 'தொழிலாளர் திறன் குறைவு'? 'மோசமான திட்டமிடல்'? ஒரு ஃபால்ஸ் சீலிங் சார் காரணம்! அது எந்தப் படிவத்திலும் இல்லை.

பல்லார்ட் சொன்ன வைத்தியம் எளிமையானது. கடைசியா 'செய்யறேன்'னு வாக்கு கொடுக்கிற ஆள் யாரோ, மேஸ்திரியோ ஃபோர்மேனோ, அவரைத் திட்டம் போடற மேசையில் உட்கார வைங்க. அவர்தான் 'லாஸ்ட் பிளானர்'. அந்த முறைக்கே அதுதான் பெயர். ஆறு வாரம் முன்னாடி எட்டிப் பார்த்து, ஒவ்வொரு வேலைக்கும் என்னென்ன தயாரா இருக்கணும்னு இப்பவே தேடுங்க. டிராயிங், பொருள், ஆள், மெஷின், முந்தின வேலை. எல்லாம் தயாரா இருக்கிற வேலைக்கு மட்டும் 'செய்யறேன்' சொல்லணும். தயாரில்லைன்னா, 'முடியாது'ன்னு சொல்ற உரிமை அவருக்கு உண்டு. சனிக்கிழமை முடியாமப் போனதுக்கெல்லாம் 'ஏன்'னு கேட்கணும். அந்த பதிலுக்கு இன்னொரு ஏன். டொயோட்டா கார் ஃபேக்டரியில் அஞ்சு தடவை 'ஏன்' கேட்கறது பழக்கம். அதை அப்படியே சைட்டுக்குக் கொண்டு வந்துட்டாங்க. 2000-ல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இதையே தன் பிஎச்.டி. ஆய்வாக்கினார் பல்லார்ட்.

எனக்கு இதில் ரொம்பப் பிடிச்சது அந்த 'முடியாது' தான். நம்ம ஊர் சைட்டில் இன்ஜினீயர்கிட்ட ஒரு மேஸ்திரி 'முடியாது சார்'னு சொல்லி எப்பவாவது கேட்டிருக்கீங்களா? 'பார்த்துக்கலாம் சார்', 'ஆயிடும் சார்', 'நாளைக்கு ஃபுல்லா முடிச்சுடறேன் சார்'... 'முடியாது' என்ற ஒரு வார்த்தைக்கு எத்தனை மாத்து வார்த்தை வெச்சிருக்கோம்! சொன்னா அடுத்த காண்ட்ராக்ட் கிடைக்காதே என்ற பயம். அதனால பல்லார்டின் அட்டவணையை நாளைக்கே சைட்டில் ஒட்டிடலாம், பயத்தை எடுக்கத்தான் நாளாகும்.

35 தீக்குச்சி, ஒரு லூடோ டைஸ்

நம்பிக்கை வரலைன்னா இன்னிக்கு ராத்திரி ஹாஸ்டலில் ஒரு ஆட்டம் போடுங்க. ஐரிஸ் டொமலைன் என்ற பேராசிரியரும் சக ஆராய்ச்சியாளர்களும் 1999-ல் 'பரேடு கேம்'னு ஒரு விளையாட்டைப் பத்தி ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினாங்க. அதை நம்ம வசதிக்குக் கொஞ்சம் மாத்தித் தர்றேன்.

அஞ்சு பேர் வரிசையா உட்காருங்க. முதல் ஆள் செங்கல் கட்டறவர், அடுத்து எலெக்ட்ரீஷியன், பூச்சுக்காரர், டைல்ஸ்காரர், கடைசியில் பெயின்ட்டர். முதல் ஆள்கிட்ட 35 தீக்குச்சி. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருத்தரும் டைஸ் உருட்டணும். எத்தனை விழுதோ அத்தனை குச்சியை அடுத்த ஆளுக்குத் தள்ளணும். கையில் அத்தனை இல்லைன்னா இருக்கறதை மட்டும் தள்ளலாம். இந்தச் சுற்றில் வாங்கினதை அடுத்த சுற்றில்தான் தொடணும். 35 குச்சியும் பெயின்ட்டர் கையைத் தாண்டினா கட்டடம் ரெடி.

முதல் ஆட்டத்தில் ஒற்றைப்படை விழுந்தா 3, இரட்டைப்படை விழுந்தா 4-ன்னு வெச்சுக்குங்க. ரெண்டாவது ஆட்டத்தில் டைஸில் என்ன விழுதோ அதேதான், 1 முதல் 6 வரை. ரெண்டுக்கும் சராசரி அதே 3.5 தான். அஞ்சு பேரும் சீரா 3.5 தள்ளினா 14 சுற்றில் ஆட்டம் முடியணும். முதல் ஆட்டம் அதை ஒட்டித்தான் முடியும். ரெண்டாவது? இழுக்கும். நாலஞ்சு தடவை ஆடிப் பாருங்க. பெயின்ட்டர் 6 போட்டுட்டு கையில் ஒரு குச்சியோட முழிக்கறது, அடுத்த சுற்றில் குச்சிகள் வந்து குவியும்போது 1 விழறது... ஒரே தமாஷா இருக்கும். நிஜ பெயின்ட்டருக்கு அது தமாஷ் இல்லை!

நல்லா கவனிங்க. ரெண்டு ஆட்டத்திலும் யாரும் சோம்பேறி இல்லை. சராசரி வேகம் ஒண்ணு. வித்தியாசம், 'நாளைக்கு எவ்வளவு வரும்'னு நம்ப முடியறதில்தான். ஒரு நாள் அள்ளிக் கொட்டிட்டு அடுத்த நாள் காணாமப் போற ஆளைவிட, தினம் கொஞ்சம்னாலும் சொன்னபடி முடிக்கிற ஆள் மேல். 6 விழுந்த நாளில் சேர்ந்த லாபம் அடுத்த ஆளுக்குப் போய்ச் சேராது, 1 விழுந்த நாளின் நஷ்டம் மட்டும் வரிசை முழுக்கப் போகும்.

ஃபின்லாந்தைச் சேர்ந்த லௌரி கோஸ்கெலா இதைத்தான் 1992-ல், ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது, ஒரு அறிக்கையாகவே எழுதினார். கட்டடம் கட்டறதைத் தனித்தனி வேலைகளோட கூட்டலா பார்க்காதீங்க, ஓடற ஆறா பாருங்க என்பது அவர் கட்சி. வேலை நடக்கற நேரம் மட்டும் ஷெட்யூலில் இருக்கு, காத்திருக்கற நேரம் இல்லையே! அடுத்த வருஷம் ஃபின்லாந்தின் எஸ்போ நகரில் இதைப் பேச ஒரு சின்னக் கூட்டம் கூடியது. 'லீன் கன்ஸ்ட்ரக்ஷன்' ஆராய்ச்சியாளர்களின் சர்வதேசக் குழு அப்படித்தான் பிறந்தது. வருஷா வருஷம் ஒரு நாட்டில் கூடற அந்தக் குழுவின் 26-வது மாநாடு 2018-ல் எங்கே நடந்தது தெரியுமா? நம்ம சென்னையில்!

ஏழு கோடி வீடு... அதாவது, ஆபரா!

தாமதம்னா அடுத்து பணம். இந்த ஏரியாவின் சூப்பர் ஸ்டார் உதாரணம் சிட்னி ஆபரா ஹவுஸ். தமிழ்ப் பட டூயட் ரசிகர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. 1957-ல் டென்மார்க்கின் யோர்ன் உட்சன் வரைஞ்ச டிசைன் ஜெயிச்சது. போட்ட மதிப்பீடு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், முடிக்க நினைச்சது 1963 ஜனவரி. தலைப்பில் ஏழு கோடின்னு பில்டப் கொடுத்தேனே, அந்த மதிப்பீட்டை பத்து மடங்காக்கினாலும் போதலை. 10 கோடியே 20 லட்சம் டாலர் செலவாகி, 1973 அக்டோபரில்தான் திறந்தாங்க!

என்ன ஆச்சு? ஆட்சி மாறினா திட்டமே போயிடும்னு அரசியல்வாதிகளுக்கு அவசரம். கூரையை எப்படிக் கட்டப்போறோம்னே முடிவாகாம 1959-ல் அடித்தளத்தை ஆரம்பிச்சுட்டாங்க. 1961-ல்தான் அந்த ஓடுகளை எல்லாம் ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுக்கலாம்ங்கிற ஐடியா பிறந்தது. கீழே ஏற்கெனவே போட்ட தூண்களுக்கு அந்தக் கூரையைத் தாங்கற தெம்பு இல்லை. இடிச்சுக் கட்டினாங்க. 'செய்ய முடியும்' என்பதைக் கேட்காம 'செய்யறேன்' சொன்னதோட ராட்சஸ வடிவம்! சண்டை முத்தி 1966-ல் உட்சன் வெளியேறினார். 2008-ல் இறக்கற வரை தன் கட்டடம் முழுசா நிக்கறதை அவர் நேரில் வந்து பார்க்கவே இல்லை.

சரி, இது ஒரு விதிவிலக்கா? அதே டென்மார்க்கைச் சேர்ந்த பென்ட் ஃப்ளூபியர் என்ற ஆராய்ச்சியாளர் 2002-ல் இரண்டு பேரோட சேர்ந்து கணக்கு எடுத்தார். 20 நாடுகள், 1927-லிருந்து 1998 வரை கட்டின 258 ரயில், சாலை, பாலம், சுரங்கத் திட்டங்கள். பத்தில் ஒன்பதில் சொன்னதைவிடச் செலவு எகிறியிருந்தது. சராசரியா 28 சதவீதம் அதிகம். ரயில்னா 45. எழுபது வருஷத்தில் நிலைமை துளிகூட முன்னேறலை. தப்புக் கணக்குன்னா பாதி தடவையாவது குறைவா வரணுமே, ஏன் எப்பவும் ஒரே பக்கம் சாயுது? அவர் பட்டுனு சொன்ன பதில்... பொய்! திட்டத்துக்கு அனுமதி வாங்கணும்னு தெரிஞ்சே குறைச்சுக் காட்டறாங்கன்னார்.

இதோட முடிஞ்சிருந்தா சப்புனு இருந்திருக்கும். பீட்டர் லவ் உள்ளிட்ட சில ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் பாய்ஞ்சாங்க. 'அதிகச் செலவுன்னா எதைவிட அதிகம்? முதன்முதலில் அறிவிச்ச மதிப்பீட்டோட ஒப்பிட்டா தாறுமாறா எகிறும். காண்ட்ராக்ட் கையெழுத்தான தொகையோட ஒப்பிட்டா அவ்வளவு வராது. நடுவில் திட்டமே வளர்ந்திருக்கும். எல்லாத்தையும் பொய்னு சொல்லிட முடியுமா?' ஃப்ளூபியர் தரப்பும் சும்மா இருக்கலை, பதிலடி கொடுத்தாங்க. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இவ்வளவு காரசாரமா அடிச்சுக்க முடியுமான்னு ஆச்சரியமா இருக்கும்.

என் கட்சியைக் கேட்டா, ரெண்டு பேரும் பாதி சரி. லவ் கேட்டது சரியான கேள்வி. கோட்டை எங்கே போட்டு அளக்கறோம்னு சொல்லாத எந்த சதவீதத்தையும் நம்பாதீங்க. ஆனா பப்ளிக் ஆகிய நமக்குக் காதில் விழறது எப்பவும் அந்த முதல் அறிவிப்புத் தொகைதான். அதைக் கேட்டுத்தானே கை தட்டறோம்?

இந்தியாவிலும் இதுக்கு டேட்டா இருக்கு. 150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மத்திய அரசுத் திட்டங்களைப் புள்ளியியல் அமைச்சகம் கண்காணிச்சு அறிக்கை போடும். 2023 டிசம்பர் அறிக்கைப்படி 1,820 திட்டங்களில் 848 தாமதம். 431 திட்டங்களில் சேர்த்து 4.82 லட்சம் கோடி ரூபாய் கூடுதல் செலவு. டீக்கடையில் உட்கார்ந்து 41 படிவம் நிரப்பினோமே, அந்த நேரத்தில் இப்படி ஒரு அறிக்கையைப் பிரிச்சு மேய்ஞ்சிருந்தாலே உருப்படியா ஒரு புராஜெக்ட் தேறியிருக்கும்.

காத்திருக்கறதுக்கு யார் சம்பளம் தர்றது?

கோடிக்கணக்கை விடுங்க. சின்னக் கணக்குக்கு வருவோம். கான்கிரீட் நின்னுபோன அந்த வியாழக்கிழமை பதினஞ்சு பேர் வந்தாங்க இல்லையா? நாள் சம்பளம்னா அன்னிக்கு நஷ்டம் காண்ட்ராக்டருக்கு. ஆனா பூச்சு வேலை, டைல்ஸ், சென்ட்ரிங் எல்லாம் நிறைய இடத்தில் சதுர அடிக்கு இவ்வளவுன்னு ரேட் பேசித்தான் நடக்குது. வேலை நடக்கலைன்னா சதுர அடி இல்லை, சதுர அடி இல்லைன்னா காசு இல்லை. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து தகர ஷெட்டில் தங்கியிருக்கிற ஆளுக்கு அன்னிக்கும் பசிக்கும். அதாவது வீட்டுக்காரரின் ஃபால்ஸ் சீலிங் குழப்பத்துக்கு ஃபைன் கட்டறது, அந்த வீட்டுக்காரர் பெயரே தெரியாத ஒருத்தர்.

அதனாலதான் மேஸ்திரிகள் ஒரே நேரத்தில் மூணு சைட் பிடிச்சுக்கறாங்க. 'ஆளை அந்த சைட்டுக்கு மாத்திட்டான் சார், ஏமாத்தறான்'னு இன்ஜினீயர் புலம்புவார். இங்கே வேலை தயாரா இருக்குமான்னு நம்பிக்கை இல்லை, அவர் என்ன பண்ணுவார்? அவர் இங்கே வராததால அடுத்த ஆளுக்கு வேலை தயாராகாது. அந்த ஆளும் இன்னொரு சைட் பிடிப்பார். தீக்குச்சி ஆட்டத்தில் டைஸை உருட்டறது யாருன்னு இப்பப் புரியுதா?

இன்னொரு முனையில் ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டினவங்க. வீட்டுக் கடனுக்கு இ.எம்.ஐ., இருக்கற வீட்டுக்கு வாடகை, ரெண்டும் ஒரே சம்பளத்தில். உங்க வீட்டிலேயே யாராவது இருப்பாங்க, கேட்டுப் பாருங்க.

புராஜெக்ட் தேடறவங்க கவனத்துக்கு...

சிவில், எம்.பி.ஏ., எகனாமிக்ஸ், ஏன் விஸ்காம் பசங்களாகூட இருங்க. ஒரே ஒரு சைட் போதும். தெரிஞ்சவங்க மூலமா அனுமதி வாங்கிக்குங்க. ஹெல்மெட் போடுங்க, செருப்போட போகாதீங்க. ஆறு வாரம். ஒவ்வொரு திங்களும் 'இந்த வாரம் என்ன முடியும்'னு கேட்டு எழுதுங்க. சனிக்கிழமை போய் 1 அல்லது 0. 0-ன்னா, ஏன்? அந்த ஏனுக்கு ஏன்? ஐம்பது பேர் கருத்தைவிட ஒரு சைட்டின் ஆறு சனிக்கிழமை கனமானது. வைவாவில் 'எந்த சைட்ல?'னு கேட்டா மூச்சு விடாம பேசலாம்.

ஒரு ஜாக்கிரதை. நோட்டோட சுத்தற ஆளைப் பார்த்தா வேலை செய்யறவங்களுக்குச் சந்தேகம் வரும். நியாயம்தான். கில்பிரெத் காலத்திலிருந்தே கணக்கெடுத்தவங்க பலர், 'இன்னும் வேகமா செய்'னு சொல்லத்தான் அதைப் பயன்படுத்தியிருக்காங்க. நீங்க எண்ணறது ஆளை இல்லை, வாக்கைன்னு முதல்நாளே சொல்லிடுங்க. பெயர் எழுதாதீங்க.

இதை உபதேசமா மட்டும் சொல்லலை. பழைய பாவத்துக்குப் பரிகாரமா, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மூணு மாடிக் கட்டடத்தில் நானும் கொஞ்ச நாள் நோட்டோட நின்னேன். ரெண்டாவது சனிக்கிழமை, கலவைச் சட்டி கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த மேஸ்திரி அண்ணன் கூப்பிட்டார்.

"என்ன தம்பி, எத்தனை முட்டை போட்டே எனக்கு?"

காட்டினேன். பூச்சு வேலை, இரண்டாவது மாடி, 0. பாத்ரூம் சுவர், 0. படிக்கட்டு, 1. விரலை வெச்சு ஒவ்வொரு வரியா மெதுவா படிச்சார். கோபப்படுவார்னு நினைச்சேன்.

"எல்லாம் கரெக்டுதான். திங்கக்கிழமை முடிச்சுடறேன்னு நான்தான் சொன்னேன். எம்-சாண்ட் செவ்வாய்க்கிழமை வந்துடும்னு எனக்குச் சொன்னாங்களே, அதை எங்கே எழுதியிருக்கே?"

எழுதலை. அங்கேயே ஸ்கேல் வாங்கி, நோட்டில் அவர் சொன்னதுக்கு இடது பக்கம் இன்னொரு கோடு போட்டேன்.